கமேரோ எஸ்.எஸ். காரும் மஸ்டாங் ஜி.டி. காரும்: ஓர் ஒப்பீடு

1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியதும், அதற்கு ஈடாக ஷெவர்லே 1967ஆம் ஆண்டு மாடலாகக் கமேரோவைக் கொண்டுவந்ததும் அமெரிக்க கார்ப் பிரியர்கள் அனைவரும் அறிந்த கதைதான். ஆனால் இவற்றின் எட்டு சிலிண்டர் (வி8) எஞ்சின் வகைகளான கமேரோ எஸ்.எஸ்., மஸ்டாங் ஜி.டி. இரண்டும் தரத்தில் மிக நெருங்கி நின்றது 2018 முதல் 2023 வரையிலான ஆண்டுகளில் என்பதே என் கருத்து. அக்காலத்து கார்கள் இப்போது பழைய கார் சந்தைக்கு வந்துவிட்டதால், இரண்டையும் சேர்த்து மதிப்பிடுகிறேன்.

குதிரைத்திறனில் பெரிய வேறுபாடு இல்லை. மஸ்டாங்குக்கு 2021 மாடல் வரை 460, பிறகு 450; கமேரோவுக்கு 455. உண்மையான வேறுபாடு அந்தத் திறன் பிறக்கும் விதத்தில் இருக்கிறது. கமேரோவின் 6.2 லிட்டர் வி8 எஞ்சின், ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான அன்றைய கார்வெட் ஸ்டிங்ரேயில் இருந்த அதே எல்டி1 எஞ்சின். வால்வுகளைத் திறக்கும் ஒற்றைக் கேம்ஷாஃப்ட்டும் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளும் கொண்ட, தண்டுகள் வழியே வால்வுகளை இயக்கும் பழைய புஷ்ராடு அமைப்பு. மஸ்டாங்கின் 5.0 லிட்டர் எஞ்சினிலோ நான்கு கேம்ஷாஃப்ட்டுகளும் 32 வால்வுகளும் உள்ளன. அது நிமிடத்துக்கு 7,500 சுழற்சி வரை தயங்காமல் ஏறும். சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசையில் கமேரோவுக்கு 617 நியூட்டன் மீட்டர், 2021 வரையிலான மஸ்டாங்குக்கு 569. ஆகவே மூன்றாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தால் கமேரோ அப்போதே முதுகை இருக்கையோடு அழுத்திவிடும். மஸ்டாங் சற்றுக் காத்திருக்கச் சொல்லி, 5,000 சுழற்சியைத் தாண்டியதும் குரல் மாறிப் பாயும். எஞ்சினை மட்டும் வைத்துச் சொல்வதானால், அந்தக் குரலுக்காகவே நான் மஸ்டாங்கின் பக்கம் நிற்பேன்.

வளைவுகளில் என் மனம் மாறிவிடுகிறது. 2015 மாடலில் மஸ்டாங்குக்குத் தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன் வந்தது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கமேரோவின் அடித்தளம் கேடிலாக் ஏடிஎஸ் என்ற சொகுசுக் காருக்காக உருவாக்கப்பட்ட ஆல்ஃபா என்பதால், அதன் உடலின் இறுக்கமே வேறு. காந்த விசையால் இயங்கும் டேம்பர்களும் (அதிர்வு தாங்கிகள்), பின்சக்கரங்களுக்குத் திறனைப் பகிரும் மின்னணு டிஃபரென்ஷியலும் சேர்ந்த 1எல்இ என்ற கூடுதல் தொகுப்பில், ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே முன்சக்கரம் கடித்துக்கொள்ளும், பின்பகுதி அசையாமல் தொடரும். மேனுவல் கியரில் ஸ்டீயரிங்கின் பின்னாலுள்ள துடுப்பை இழுத்து வைத்தால், கியரைக் குறைக்கும்போது எஞ்சின் தன் சுழற்சியைத் தானே கூட்டிப் பொருத்திக்கொள்கிறது. இந்த விலையில் இவ்வளவு நேர்த்தியான சேசிஸை (அடிச்சட்டத்தை) அமெரிக்காவில் வேறு யாரும் தரவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அப்படிப்பட்ட காரை விட்டுப் பலர் விலகிப் போனதற்கு அதன் சன்னல்களே முதற்காரணம் என்று நினைக்கிறேன். கதவின் விளிம்பு தோள் உயரத்துக்கு வருகிறது, கண்ணாடி ஒடுங்கிய பட்டையாக நிற்கிறது, தடம் மாறும்போது பின்னால் வருவது எளிதில் தெரிவதில்லை. டிக்கியின் கொள்ளளவு ஏறக்குறைய 258 லிட்டர்தான். மஸ்டாங்கில் அது 382 லிட்டர். உள்ளே ஓர் அழகான சிந்தனையும் உண்டு: ஏசி காற்று வரும் வட்டத் துவாரங்களைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினாலே வெப்பநிலை மாறும், தனிப் பொத்தானைத் தேட வேண்டியதில்லை.

டாட்ஜ் சேலஞ்சர் ஸ்கேட் பேக்கை இந்தப் போட்டியில் முழுமையாகச் சேர்க்க முடியவில்லை. 6.4 லிட்டரில் 485 குதிரைத்திறன், ஐவர் அமரும் இடம் எல்லாம் இருந்தாலும், 1,900 கிலோ அளவிலான அந்த உடல் நீண்ட நேர்ச்சாலைக்கே உரியது.

மிச்சிகன் மாநிலத்து லான்சிங் ஆலையில் 2023 டிசம்பரில் கமேரோவின் உற்பத்தி நின்றுவிட்டது. வீட்டில் ஒரே கார், தினமும் அலுவலகம், வாரக் கடைசியில் குடும்பத்தோடு பயணம் என்றால் மஸ்டாங் ஜி.டி.யையே வாங்குங்கள். வேறு கார் ஒன்று ஏற்கெனவே இருந்து, மலைப்பாதையில் விடியற்காலையில் தனியாக ஓட்டவே இதைத் தேடுகிறீர்கள் என்றால், 1எல்இ தொகுப்புள்ள மேனுவல் கமேரோ எஸ்.எஸ். கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.