ஓய்வுக்காலத்துக்குக் கேரவன் வாங்க நினைப்பவர்களுக்கு: எங்கள் 11,80,000 ரூபாய் போன விதம்

கடந்த வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான், நாங்கள் 11,80,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கேரவன் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டி) அரசுப் பதிவேட்டில் கேரவனே இல்லை என்பதும், அது எங்கள் பெயருக்கு மாறக்கூடிய நிலையிலும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்தன. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்று என் மகள் சொன்னாள். ஆனால் அதை எங்களுக்கு விற்ற பட்டறையின் விளம்பரக் காணொளி நேற்றும் என் கைபேசியில் வந்தது, அதன் கீழே என் வயதையொத்த ஒருவர் விலை கேட்டிருந்தார். அதனால் இன்றே எழுதுகிறேன். என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு, வாங்குவோர் பார்க்க வேண்டியவற்றையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 31 ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். ஊர் ஊராகச் சென்றும் எந்த ஊரையும் இறங்கிப் பார்க்காதவர் அவர். இரவுப் பணியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். எனக்கு மூட்டுத் தேய்மானம் இருப்பதால் மேற்கத்தியக் கழிப்பறை இல்லாத இடத்தில் தங்க முடியாது. அவருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பதால் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள ஒரு வண்டி இருந்தால் இராமேசுவரத்திலிருந்து காசி வரை எவரையும் எதிர்பார்க்காமல் போய்வரலாம் என்று நினைத்தோம். ஆசைப்பட்டவுடன் வாங்கிவிடவில்லை. எட்டு மாதம் யோசித்தோம். ஆண்டுக்கு 100 இரவுகள், ஓர் இரவுக்கு 1,800 ரூபாய் அறை வாடகை என்று வைத்தால் 1,80,000 ரூபாய் ஆகிறது. அப்படியானால் வண்டியின் விலை ஆறரை ஆண்டில் ஈடாகும் என்று கணக்குப் போட்டோம். டீசல், டயர், காப்பீடு எல்லாவற்றையும் தனியாக ஒரு நோட்டில் எழுதினோம். இரவில் எங்கே நிறுத்துவது என்பதுகூட எங்கள் பட்டியலில் இருந்தது. கேரளத்தில் 2021ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்ததைப் படித்துவிட்டு, முதல் பயணத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தோம். வண்டிக்குள் எப்படி வாழ்வது என்று எல்லாவற்றையும் யோசித்த நாங்கள், அந்த வண்டிக்கு உரிய காகிதம் எது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டோம்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. பழைய பயணிகள் வேன்களை வாங்கி உள்ளே கட்டில், சமையல் மேடை, கழிப்பறை வைத்துக் கேரவனாக மாற்றி விற்கும் பட்டறை அது. பேருந்துக்குப் பாடி கட்டும் தொழிலில் பேர்போன வட்டாரத்தில் இருந்ததே எங்களுக்குப் பாதி நம்பிக்கையைக் கொடுத்தது. அந்த வட்டாரத்தில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை.

மீதி நம்பிக்கையைப் பட்டறை உரிமையாளர் அளவெடுக்கும் டேப் ஒன்றை வைத்துச் சம்பாதித்தார். முதல் நாள் நாங்கள் போனபோது, நான் வேனில் ஏற முடியாமல் கதவுக் கம்பியைப் பிடித்துத் தடுமாறினேன். அவர் ஓடிவந்து, "இருங்கம்மா, ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டு, தரையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, என் கால் எவ்வளவு உயரம் வலியில்லாமல் தூக்க முடிகிறது என்று டேப் வைத்து அளந்தார். ஏழு அங்குலம் என்று ஒரு அட்டையில் குறித்துக்கொண்டார். "எங்கம்மாவுக்கும் இதே முட்டிதான், உங்களுக்கு ரெண்டு படி கூடுதலா வச்சுத் தர்றேன், அதுக்குக் காசு வேண்டாம்" என்றார். பெற்ற பிள்ளைகள்கூட என் முழங்காலை அப்படிக் கவனித்ததில்லை. அந்த நிமிடத்தில் நான் முடிவு செய்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் கணவரும் சும்மா இருக்கவில்லை. ஒரு மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுப் புகையைப் பார்த்தார், சேஸிஸுக்கு அடியில் படுத்துத் துரு பார்த்தார், கியரையும் பிரேக்கையும் சோதித்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஓட்டுநருக்கு என்ஜின் நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றும்.

பணத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தோம். 2,40,000 ரூபாய் பட்டறையின் கணக்குக்குப் போனது. அதற்கு மட்டும் "உள் அலங்கார வேலை" என்று பில் தந்தார்கள். மீதி 9,40,000 ரூபாயை, பட்டறைக் கணக்கில் ஏதோ சிக்கல் இருப்பதாகச் சொல்லி, வேறொரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். இரண்டும் சேர்ந்து 11,80,000 ரூபாய். அதில் பெரும்பகுதி என் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும்.

வண்டி வந்த அன்று, வாடகை வண்டிக்குரிய மஞ்சள் நம்பர் பலகை வெள்ளையாக மாறியிருந்தது. என் கணவர் உடனே கேட்டார். "இனிமே சொந்த வண்டிதானேய்யா, பேப்பர் எல்லாம் உள்ளே போயிருக்கு, ரெண்டு வாரத்துல புது ஆர்.சி. வந்துடும்" என்று பதில் வந்தது. ஏழு அங்குலப் படி சொன்னபடியே இருந்தது. குளிர்சாதனம் இரவு முழுவதும் ஓடும் என்று சொன்ன பேட்டரிகள் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர், நான்கு பக்கமும் பிளைவுட் அடித்த பெட்டிக்குள், கீழே ஒரு துளைகூட இல்லாமல் வைக்கப்பட்டிருந்தது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், வெளியேற வழி தரை மட்டத்தில் இருக்க வேண்டும். நான் ஒன்பது ஆண்டுகள் தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவள். அந்தப் பெட்டியின் மேல் நாங்கள் இருவரும் படுத்து உறங்க வேண்டும் என்பதற்காகத்தான் 11,80,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

அதன் பிறகுதான் அலைக்கழிப்பு தொடங்கியது. முதல் இரண்டு வாரம், "நாளைக்கு ஆள் அனுப்புறேம்மா" என்றார். மூன்றாவது வாரம் மகளின் நிச்சயதார்த்தம் என்றார். நானும் வாழ்த்துச் சொன்னேன். ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு பையன் தொலைபேசியை எடுத்து, "ஓனர் வெளியூர் போயிருக்கார்" என்று மட்டும் சொல்லத் தொடங்கினான். சிலிண்டர் பெட்டியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். நேரில் போனோம். என்னை அம்மா என்று அழைத்துத் தரையில் உட்கார்ந்த அதே மனிதர், நாற்காலியை விட்டு எழாமல், "நாங்க வண்டி விக்கலையே, உள்வேலைதான் செஞ்சோம், பில்லைப் பாருங்க. வித்தவர் வேற ஆள்" என்றார். அந்த வேற ஆள் யார் என்றால், 9,40,000 ரூபாய் போன கணக்குக்குச் சொந்தக்காரர். அவருடைய தொலைபேசி அணைக்கப்பட்டிருக்கிறது.

இந்த நிலையில்தான் வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகம் போனோம். வண்டி இன்னமும் வாடகைப் பயணிகள் வேனாகத்தான் பதிவேட்டில் இருக்கிறது. வாடகைக்கு ஓட்டுவதற்கான பெர்மிட்டை ஒப்படைக்கவில்லை. ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டிக் கடனுக்கான அடமானப் பதிவு, நீடிக்கிறது. விசாரித்ததில் 3,10,000 ரூபாய் கடன் பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அதை அடைத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்காமல் பெயர் மாற்றவே முடியாது. இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டதற்கும் எந்த அனுமதியும் வாங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்றக்கூடாது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையே இருக்கிறது. அதன்படி கட்டி, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்றிருந்தால்தான் கேரவனாகப் பதிய முடியும் என்று அங்கிருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம் என்பதையும் சொன்னார். மாற்றியவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வாங்கியவர் குற்றவாளியாக நிற்கிறார். 31 ஆண்டுகள் ஒரு விபத்துக்கூட இல்லாமல் பேருந்து ஓட்டிய என் கணவர் அந்த அலுவலகத்தில் தலைகுனிந்து நின்றதை நான் மன்னிக்கப்போவதில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. ஏமாற்றப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதால், இப்படி மாட்டியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்தாதீர்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. வழக்கறிஞர் மாலைக்குள் எல்லா வங்கி ரசீதுகளையும் கேட்டிருக்கிறார். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வண்டி எண்ணை அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டு, எந்த வகை வண்டி, கடன் இருக்கிறதா, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை அது. ஒப்புதல் சான்று கையில் இல்லாமல் "பேப்பர் உள்ளே போயிருக்கு" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பில் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்புங்கள். சிலிண்டர் வைத்த பெட்டியைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே இப்படியொரு வண்டி வாங்கியிருந்தால், இன்று இரவே அந்தச் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.