லிங்க் வகுப்பு, இவர், ரெலிபோன்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

ஏஜாக்ஸில் இருக்கிற சிநேகிதி போன கிழமை கேட்டாள்: "இவர் வந்து ஆறு மாசமாகுது. இங்கிலிஷ் வகுப்பெண்டு வாயெடுத்தாலே எழும்பிப் போயிடுறார். உன்ரை மனுசன் போனவர்தானே, அதாலை பிரியோசனம் இருக்கோ?" வாட்ஸ்அப்பில் பதில் எழுதப் போய்ப் பெருவிரல் நோகத் தொடங்கிவிட்டது. இதே கேள்வியோடு வேறு ஆட்களும் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஸ்பொன்சரில் கணவனையோ மனைவியையோ எடுத்து, எடுத்த ஆள் ஆங்கிலம் படிக்கமாட்டேன் என்று நிற்கிற வீட்டுக்காரர்களுக்கு இது.

லிங்க் என்றால் புதிதாகக் குடியேறி வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பு, கனடாவில் இருக்கிறவர்களுக்குப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. 1992 இல் தொடங்கியது, மத்திய அரசின் காசு, நிரந்தர வதிவிடம் இருந்தால் இலவசம். முதலில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நாலையும் சோதித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சி.எல்.பி. இலக்கம், அதாவது கனடாவின் மொழித்திறன் மட்ட இலக்கம், தருவார்கள், அதைப் பார்த்து வகுப்பு. பகல், பின்னேரம், ஒன்லைன் என்று பல விதமாக நடக்கிறது. சில இடங்களில் வகுப்பு நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் உண்டு. ஒரு சதம் வாங்காமல் இவ்வளவையும் செய்கிறார்கள். திட்டத் தொடங்க முன்னம் இதைச் சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் திட்டப் போகிறேன்.

என் மனுசன், இவர், ஏன் பின்னடித்தார் என்று அறிய ரொறன்ரோவில் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவை ஒருக்காச் சுற்றிப் பார்த்தால் போதும். டொக்டர் தமிழ், பல் டொக்டர் தமிழ், லோயர், இன்சூரன்ஸ், வீடு விற்கிறவர் எல்லாம் தமிழ். காரில் ஏறினால் தமிழ் ரேடியோ. கடைக்குள் காலை வைத்தால் "என்ன அண்ணை வேணும்?" இவருக்கு வேலை பாண் தொழிற்சாலையில், இரவு. லைனில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் எங்கடை ஆட்கள், சுப்பர்வைசரே பருத்தித்துறையார். இதற்குள்ளே ஆங்கிலம் எங்கே நுழையும்?

போதாக்குறைக்கு ஒன்ராறியோவில் வாகனமோட்டுகிற ஜி1 எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். நாற்பது கேள்வி. இவர் ஒன்றோ இரண்டோதான் பிழைவிட்டார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "பாத்தியே, அரசாங்கமே என்னட்டைத் தமிழிலைதான் கேக்குது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

லண்டனுக்குப் போகிற மாப்பிள்ளைமாருக்கு இந்தச் சொகுசு கிடையாது. 2010 கடைசியிலிருந்து அங்கே துணைவர் விசா எடுக்கவே ஏ1 என்கிற ஆரம்ப மட்ட ஆங்கிலச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். பிறகு நீடிக்க ஏ2, நிரந்தரமாக இருக்க பி1. கனடா ஸ்பொன்சருக்கு அப்படி ஒன்றும் கேட்பதில்லை. கேட்காதது நல்லது, கல்யாணம் கட்டின இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பரீட்சை நிற்கக்கூடாது. அப்படித்தான் நான் எப்போதும் சொல்வேன். கோபம் வருகிற நாளில் மட்டும் லண்டன்காரர் செய்ததுதான் சரி என்று படும்.

மரியாதையும் ஒரு காரணம். இவர் வடமராட்சியில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவர். விண்ணப்பம் நிரப்ப, மேன்முறையீடு எழுத என்று பின்னேரங்களில் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்களாம். அப்படி இருந்தவர், பென்சிலைத் தூக்கிக் காட்டி அது என்னவென்று சொல்ல வேண்டிய வகுப்புக்குப் போக விரும்பாதது எனக்கு விளங்காமல் இல்லை.

கடைசியில் போக வைத்தது நானல்ல, குடியுரிமை. 18 இலிருந்து 54 வயதுக்குள் இருக்கிறவர்கள் பேசுதலிலும் கேட்டலிலும் சி.எல்.பி. 4 என்று காட்ட வேண்டும், லிங்க் சான்றிதழ் அதற்குச் செல்லும். கனடாக் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போய் இறங்க வேண்டும் என்று இவருக்கு ஒரு ஆசை. மதிப்பீட்டுக்குப் போனார். வந்த இலக்கங்களைப் பார்த்து எனக்கே அதிசயமாக இருந்தது: வாசித்தலும் எழுதுதலும் 5, கேட்டல் 2, பேசுதல் 3. ஒரே மனிதருக்குள் இரண்டு ஆட்கள். ஆனால் எங்கள் பள்ளிக்கூடங்களை அறிந்தவர்களுக்கு இதில் அதிசயமில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து ஓ/எல் வரைக்கும் ஆங்கிலம் படிப்போம், எழுதுவோம், கோடிட்ட இடம் நிரப்புவோம். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பரீட்சையும் இவர் காலத்தில் வந்ததில்லை.

எதிர்பாராத சந்தோசம் ஒன்று இதற்குள் கிடந்தது. நான் சின்ன வயதிலேயே இங்கே வந்தவள், ஆங்கிலம் தானாக ஒட்டிக்கொண்டது. எது சரி என்று தெரியும், ஏன் சரி என்று கேட்டால் தெரியாது. இவருக்கு ஏன் என்பது முழுக்கத் தெரியும். வேலையிடத்துக்கு நான் எழுதுகிற மின்னஞ்சலைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதிலை 'ஹாவ்' வராது, 'ஹாட்' போடு" என்பார். போட்டுப் பார்த்தால் அதுதான் சரி. கதைக்க மாட்டேன் என்கிற மனிதரிடம் திருத்தம் வாங்குவது கொஞ்சம் அவமானம்தான், பரவாயில்லை.

வகுப்பைப் பற்றிச் சுருக்கமாக. ரீச்சர் தங்கமானவர். அவரும் குடியேறி வந்தவர் என்பதால் யாரையும் கூச வைக்கமாட்டார். எரித்திரியா, ஆப்கானிஸ்தான், சிரியா, வியட்நாம், சீனா என்று எல்லா இடத்து ஆட்களும் இருந்தார்கள். டொக்டரிடம் போவது, வீட்டுச் சொந்தக்காரரோடு கதைப்பது, வாங்கின சாமானைத் திருப்பிக் கொடுப்பது என்று பாடமெல்லாம் நாளாந்த அலுவல்கள். செய்த ஒவ்வொரு பயிற்சியையும் தடித்த ஒரு பைண்டருக்குள் கோர்த்து வைக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் அடுத்த மட்டத்துக்கு ஏற்றுவார்கள். பலருக்கு அந்தப் பைண்டர் ஆய்க்கினை. கணக்குப் புத்தகம் எழுதினவருக்கு அது அல்வா. நிறம் நிறமாக ஒற்றை ஒட்டி, திகதி போட்டு, ரீச்சர் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுகிற அளவுக்கு வைத்திருந்தார்.

இனி ரெலிபோனுக்கு வருகிறேன்.

வகுப்பில் ரெலிபோன் பாடமும் உண்டு. இரண்டு பேர் முதுகைத் திருப்பிக்கொண்டு இருந்து கதைப்பார்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் இருக்கிறவர் சிநேகிதர், மெதுவாகக் கதைப்பார், விளங்காவிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். நிசமான கோல் சென்ரரில் முகமில்லை, வாயசைவு இல்லை, கதைக்கிறவர் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் கொட்டுவார். கருவியும் கைகொடுக்காது. பழைய ரெலிபோன் இணைப்பு கடத்துவது 300 இலிருந்து 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை மட்டும்தான். 'எஸ்'ஸையும் 'எஃப்'பையும் பிரித்துக் காட்டுகிற சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே கிடக்கிறது. இங்கே பிறந்தவர்களே ரெலிபோனில் 'எஸ் ஆஸ் இன் சாம்' என்று சொல்லித்தான் தப்புகிறார்கள். கேட்டல் 2 எடுத்தவரைக் கொண்டுபோய் இதற்குள் விட்டால் என்ன நடக்கும்?

நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் வீட்டு இன்டர்நெட் வேலை செய்யவில்லை. நான் வேலையில். இவர் துணிந்து தானே கொம்பனிக்கு அடித்தார். பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள், எங்கள் பெயர்களின் நீளம் தெரியும்தானே, கூட்டி முடித்தார். பிறகு தபால் குறியீடு. எங்களுடையது எம்1பி, பீட்டருடைய 'பி'. தமிழில் அந்தப் பியும் பொப்புடைய பியும் ஒரே எழுத்து. நாங்கள் காற்றை அடக்கிச் சொல்கிற பீட்டருடைய 'பி' அவர்கள் காதில் பொப்புடைய 'பி'யாக விழும். வேறு ஊர் என்றால் அப்படி ஒரு குறியீடே இல்லை என்று திரும்பக் கேட்டிருப்பார்கள். ஸ்காபரோவில் இரண்டும் இருக்கிறது: பீட்டர் 'பி' ரவுன் சென்ரர் பக்கம், பொப் 'பி' மல்வேர்ன் பக்கம். "நீங்கள் சொல்கிற முகவரி எங்களிடம் இருக்கிறதோடு பொருந்தவில்லை, பாதுகாப்புக் காரணத்துக்காக மேலே கதைக்க முடியாது" என்று அந்தப் பிள்ளை மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டது. சொந்த வீட்டு முகவரி சொல்லத் தெரியாத ஆளாக்கிப்போட்டார்கள் என்று இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதோடு ரெலிபோனைத் தொடுவது நின்றது.

நின்றதா என்றால் முழுக்க நிற்கவில்லை, அங்கேதான் என் கரைச்சல். கணக்கெல்லாம் இவர் பெயரில். நான் அடித்தால், கணக்குக்குரியவர் வாயால் அனுமதி தர வேண்டும் என்பார்கள். அதற்காக இவர் ஒரு வசனத்தைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கி வைத்திருக்கிறார்: "ஐ ஓதரைஸ் மை வைஃப் ரு ஸ்பீக் ஒன் மை பிஹாஃப்." என்ன உச்சரிப்பு! என்ன நிதானம்! ஒட்டாவாவில் பிறந்து வளர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தில் இருக்கிறவர் உற்சாகமாக, "தாங்க் யூ சேர், இன்றைக்கு எப்படிப் போகிறது, எத்தனையாம் ஆண்டிலிருந்து எங்களோடு இருக்கிறீர்கள்" என்று இவரோடேயே தொடங்கிவிடுவார். இவர் சுட்ட சட்டியைக் கைமாற்றுகிற மாதிரி ரெலிபோனை என்னிடம் தள்ளுவார். பிறகு நான் எடுத்து, இவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது என்று சொன்னால், அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. திரும்பப் பாதுகாப்புக் கேள்வி, திரும்ப பிறந்த திகதி, திரும்ப பீட்டரும் பொப்பும்.

மாநகரசபையின் 311 க்கு அடித்தால் தமிழில் மொழிபெயர்க்க ஆள் தருவார்கள் என்பதை இவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். குப்பைத்தொட்டி உடைந்ததற்கு அடித்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு முழுத் தமிழில் கதைத்தார். அந்த வசதி தேவை, வயதான அம்மாமாருக்கு அது உயிர். என் வீட்டில் மட்டும் அது எனக்கு எதிராக வேலை செய்கிறது.

இவருக்குக் கதைக்கவே வராது என்று நினைக்கவேண்டாம். வகுப்பில் பிடித்த எரித்திரியாச் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் இரவு வேலை. இரண்டு பேரும் இடைவேளையில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்கள். ஒருநாள் கராஜுக்குள் இருந்து கேட்டது: "யூ புட் வின்ரர் ரயர்? ஐ புட் யெஸ்ரடே. ரூ மச் மணி, மை ஃபிரெண்ட்!" அதற்குப் பிறகு ஒரு பெரிய சிரிப்பு. இலக்கணம் தெரிந்த மனிதர், இலக்கணத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கதைக்கிறார். அவர் ஊரை விட்டு வந்த பிறகு அவ்வளவு லேசான குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. நான் உள்ளே போனதும் வாய் மூடிவிட்டது. ஏன் என்னோடு கதைக்கிறீர்களில்லை என்று கேட்டேன். "நீ கேக்கிறதில்லை, பிழை பிடிக்கக் காத்துக்கொண்டு நிக்கிறாய்" என்றார். அபாண்டம். அவர்தான் என் மின்னஞ்சலில் பிழை பிடிக்கிறவர். எப்படியும் வீட்டிலிருந்து பெண்சாதி புருசனுக்குப் படிப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதேங்கோ. வெளி ஆள் வேண்டும். தன்னைப் போலவே தடுமாறுகிற ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தச் சிநேகிதரைத் தந்தது லிங்க்தான், அதை மறக்கவில்லை.

ஏஜாக்ஸ்காரிக்கு அலுவலாக ஒரு விஷயம். குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்க் கதவு பூட்டிவிடும், பிறகு மாகாணக் காசில் கல்விச்சபைகள் நடத்துகிற வளர்ந்தோர் வகுப்புகளைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்தில் 1095 நாள் இங்கே இருந்தால்தானே விண்ணப்பிக்கலாம், அதற்குள் ஏறக்கூடிய அளவுக்கு ஏற்றிவிடு. எழுத்துச் சோதனையை நினைத்துப் பயப்படாதே. இருபது கேள்வி, பதினைந்து சரி வந்தால் போதும், எங்கள் ஆட்கள் மனப்பாடத்தில் யாருக்கும் குறைந்தவர்களில்லை. இவருக்கு இப்போது பேசுதல், கேட்டல் இரண்டிலும் 4 வந்துவிட்டது. சான்றிதழ் பைண்டரில், தனி உறைக்குள்.

சரி, தீர்ப்பு. ரீச்சர் நல்லவர், காசில்லை, கூட்டாளி கிடைத்தார், சான்றிதழ் கிடைத்தது. இந்த வரிகளைப் போன மாதம் எழுதியிருந்தால் ஐந்துக்கு நாலரை போட்டிருப்பேன். ஆனால் நேற்று இன்டர்நெட் கொம்பனி விலை கூட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இவர் அதை ஒரு சொல் விடாமல் வாசித்து, ஒப்பந்தத்துக்கு மாறான பந்திக்குக் கீழே சிவப்புக் கோடு கீறி, பக்கத்தில் "ஆஸ்க் தெம் வை" என்று அழகான கையெழுத்தில் எழுதி, எனக்கென்று மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் நினைத்தாலும் இப்போது அடிக்க முடியாது, அந்த ஒற்றை வசனத்தைச் சொல்ல அவர் வந்தாக வேண்டும். ஆகவே இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. பிரியோசனமில்லை. பின்னேர வகுப்புக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம், நாளைக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பெயரைக் குடு.