இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: எக்ஸ்ட்4-ஆ, எக்ஸ்ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா?

விண்டோஸும் லினக்ஸும் உள்ள கணினியில் இன்னொரு டிஸ்க்கை மாட்டுவது சின்ன வேலை. அதை எந்தக் கோப்பு முறைமையில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) ஃபார்மேட் செய்வது என்பதில்தான் குழப்பம் வரும். எக்ஸ்ட்4 (ext4), எக்ஸ்ஃபேட் (exFAT), என்டிஎஃப்எஸ் (NTFS) மூன்றும் அப்படிப்பட்டவைதான். அதில் எழுதப்போவது யார், லினக்ஸ் மட்டுமா, இரண்டுமா? இதைத் தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லினக்ஸ் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், எக்ஸ்ட்4. கோப்பு உரிமைகள் (யார் படிக்கலாம், எழுதலாம் என்பது), சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு), ஜர்னல் (திடீரென அணைந்தாலும் டிஸ்க் குழம்பாமல் காக்கும் பதிவேடு) எல்லாம் உண்டு. ஹோம் ஃபோல்டரை மாற்றுவதானாலும் இதுதான் சரி. விண்டோஸுக்கு இதைப் படிக்கத் தெரியாது. சில சமயம் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். அவசரத்தில் ‘சரி’ கொடுத்தால் கதை முடிந்தது. எப்போதாவது எட்டிப் பார்க்க வேண்டுமென்றால், விண்டோஸ் 11-இல் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் வசதி) வழியாக முழு டிஸ்க்கையும் மவுன்ட் செய்யலாம், அதாவது திறந்து பார்க்கும்படி இணைக்கலாம். விண்டோஸ் இல்லாத தனி டிஸ்க் என்பதால் இது நடக்கும்.

எக்ஸ்ஃபேட்டை இரண்டும் படிக்கும், எழுதும். ஆனால் ஜர்னல் இல்லை, சிம்லிங்க் இல்லை. கழற்றி எடுத்துப்போகும் பென்டிரைவுக்குச் சரி. உள்ளேயே இருக்கப்போகும் டிஸ்க்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு பக்கமும் எழுத வேண்டுமென்றால் மிஞ்சுவது என்டிஎஃப்எஸ். முன்பு லினக்ஸில் இதில் எழுத என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவர் மட்டும்தான், கொஞ்சம் மெதுவாக இருக்கும். 2021-இல் வந்த லினக்ஸின் 5.15 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி) என்டிஎஃப்எஸ்3 டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சிக்கல் வேகத்தில் இல்லை, விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பில் இருக்கிறது. அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கெர்னலின் நிலையைச் சேமித்துவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும். அப்புறம் லினக்ஸுக்குள் வந்தால் டிஸ்க் படிக்க மட்டும் கிடைக்கும், இல்லையென்றால் மவுன்ட்டே ஆகாது. வலுக்கட்டாயமாக எழுதினால் தரவு கெடும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து வந்தால் இந்தத் தொல்லை இல்லை என்பதால், பலருக்கு ‘நேற்று வேலை செய்ததே, இன்று ஏன்?’ என்று புரியாது. பவர் ஆப்ஷன்ஸில் போய் அதை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஸ்டீம் விளையாட்டுகளை இரண்டுக்கும் பொதுவாக இதில் வைக்க ஆசை வரும். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும் ஸ்டீமின் புரோட்டான் ‘சி:’ என்ற பெயரில் ஒரு சிம்லிங்க்கை உருவாக்கும். விண்டோஸில் கோலன் கொண்ட பெயர் செல்லாது. அதனால் விளையாட்டு திறக்காமல் அடம்பிடிக்கலாம். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் பழுது பார்க்கவும் ‘செக்டிஸ்க்’ (chkdsk) வேண்டும், அது விண்டோஸில்தான் உண்டு. ஆகவே ஒருநாள் விண்டோஸைத் தூக்கிவிடும் எண்ணம் இருந்தால் எக்ஸ்ட்4 பக்கமே சாயுங்கள்.

டிஸ்க் பெரிதாக இருந்தால் பெரும்பகுதியை எக்ஸ்ட்4 ஆக்கி, படம், பாட்டு, ஆவணங்களுக்கு மட்டும் ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் ஒதுக்குவதே என் தேர்வு.

எதைத் தேர்ந்தாலும், எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் ‘எஸ்டிபி1’ (sdb1) என்ற டிஸ்க் பெயரை எழுதாமல், பார்ட்டிஷனின் தனி அடையாள எண்ணான யூயூஐடியை (UUID) எழுதுங்கள். அடுத்த பூட்டில் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்கள் இடம் மாறலாம். கூடவே, டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காமல் தொடரச் சொல்லும் ‘நோஃபெயில்’ (nofail) சேருங்கள். இல்லாவிட்டால் கேபிள் கழன்ற நாளில் லினக்ஸ் அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.