டாக்ஸிகாலஜி மாநாட்டுக்குப் போயிட்டு வந்தேன், காசு கொடுத்துப் போகலாமா?

நான் சிங்கப்பூர்ல உணவு டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கேன், இந்தத் தடவை ஆபீஸ் காசுல இங்க நடந்த ஒரு நச்சியல் மாநாட்டுக்கு அனுப்பினாங்க. எந்த மாநாடுன்னு சொல்லல, ஊரு சின்னது, நாளைக்கு அவங்க முகத்துலயே முழிக்கணும்.

மேடைப் பேச்சை நம்பி யாரும் போகாதீங்க. பெரிய ஆளுங்கதான், ஆனா ஆளாளுக்கு பாராசெல்சஸ்னு அந்தக் காலத்து ஐரோப்பிய டாக்டர் படத்தைப் போட்டு அளவுதான் விஷம்னு ஆரம்பிக்கிறாங்க, அந்த மனுஷன் 1541ல போய்ச் சேர்ந்துட்டாரு, இன்னும் விட மாட்டேங்கிறாங்க. எமர்ஜென்சி டாக்டர் ஒருத்தர் பனடால், அதான் பாராசிட்டமால் மாத்திரை, பத்திப் பேசினது மட்டும் தூள். ஓவர்டோஸ் ஆனவங்க மொத நாள் பெருசா எதுவும் இல்லாம நல்லாதான் இருப்பாங்களாம், ஆனா உள்ள கல்லீரல் அந்த மருந்துல ஒரு பங்கை NAPQI-ங்கிற விஷமா மாத்திட்டே இருக்கும், கல்லீரல்லயே இருக்கிற குளூட்டாதயோன்ங்கிற பொருள் இருக்கிற வரைக்கும் அதைச் சமாளிக்கும், அது தீர்ந்தா கல்லீரல் செல் சாக ஆரம்பிச்சிடும். 8 மணி நேரத்துக்குள்ள அசிட்டைல்சிஸ்டீன்ங்கிற மாற்று மருந்தை ஏத்திட்டா கிட்டத்தட்ட எல்லாரையும் காப்பாத்திடலாம்னாரு. ஒண்ணும் பண்ணலையேன்னு வீட்டுலயே படுத்துக்கிறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

நான் போனதே எத்திலீன் ஆக்சைடு, அதான் மசாலால கிருமி சாக அடிக்கிற வாயு, அது பத்தின செஷனுக்குத்தான். 2024 ஏப்ரல்ல இங்க ஒரு மீன்குழம்பு மசாலாவைக் கடையிலேருந்து எடுக்கச் சொன்னாங்களே, அந்தச் சமாச்சாரம். அது பொருள்ல அப்படியே நிக்காது, நிறைய குளோரோஎத்தனாலா மாறிடும், அதனால ஐரோப்பாவுல ரெண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பண்றாங்க. இதை மிளகாய்த்தூள் மாதிரி கலர், எண்ணெய் எல்லாம் இருக்கிற சாம்பிள்ல எப்படிச் சுத்தமா அளக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியணும். கேள்வி கேட்கக் கையத் தூக்கினா ஸ்பான்சர் மெஷின் விளம்பரத்துக்கு டைம் ஆயிடுச்சுன்னு மைக்கைப் புடுங்கிட்டாங்க. கடுப்பாயிடுச்சு.

ஆனா ஆராய்ச்சி பண்றவங்க அவங்க வேலையைப் போஸ்டரா ஒட்டி விளக்குற போஸ்டர் ஹால் இருக்கு பாருங்க, டிக்கெட் காசு அங்கதான் இருக்கு. பின்னாடி டாய்லெட் போற வழியில தள்ளி வெச்சிருந்தாங்க, பாதிப் பேர் பார்க்கவே இல்ல. தஞ்சாவூர்ப் பொண்ணு ஒண்ணு, இங்க பிஎச்டி பண்ணுது, ஸீப்ராஃபிஷ்னு ஒரு சின்ன மீனோட முட்டைய வெச்சு டெஸ்ட். "அண்ணே இங்க பாருங்க"ன்னு போன்ல வீடியோ காட்டுச்சு, கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ள இதயம் படபடன்னு அடிக்குது, ரத்தம் ஓடுறதுகூடத் தெரியுது. கெமிக்கல் கலந்த தண்ணில 96 மணி நேரம் வெச்சு நாலு விஷயம் பார்ப்பாங்களாம்: முட்டை வெள்ளையா உறைஞ்சுதா, உடம்புல கண்டம் கண்டமா பிரியலையா, வால் மஞ்சள்கருவை விட்டுப் பிரியலையா, இதயம் நின்னுச்சா. இதுல ஒண்ணு இருந்தாலும் செத்ததா கணக்கு. வளர்ந்த மீனைக் கொல்ற டெஸ்ட்டுக்குப் பதிலா இது. இதயத்துடிப்பை எண்ற சாஃப்ட்வேர் வேலை செய்யாம ஒரு மாசம் கையால எண்ணினேன்னு சிரிச்சுட்டே சொல்லுச்சு. மேடையில யாரு இதெல்லாம் சொல்றா?

சாப்பாடு சுமார். வெஜிடேரியன்னு டிக் பண்ணவங்களுக்கு மாக் மீட் (கறி மாதிரி செஞ்ச சைவம்) பீஹூன் (அரிசி சேமியா), மறுபடியும் மாக் மீட் பீஹூன். ஏர்கான் வேற குளிர் தாங்கல, ஜாக்கெட் இல்லாம போகாதீங்க. அடுத்த வேளைக்கு நாங்க நாலு பேர் எம்ஆர்டி ரயில் ஏறித் தேக்கா (லிட்டில் இந்தியா) போய் தோசை சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்.

சொந்தக் காசுன்னா மாணவர் ரேட் கிடைச்சா மட்டும் போங்க, அதுவும் போஸ்டர் இருக்கிற நாள் பாஸ் போதும். சர்ட்டிபிகேட் மெயில்ல வரும்னாங்க, இன்னும் வரல.