2,800 ரியால் போச்சு, ஃபைனல் டிக்கெட் தேடுறவங்க உஷார்

கோவத்துல தூக்கமே வரல, டிசம்பர் 18ஆம் தேதி நடக்கப்போற 2022 ஃபுட்பால் வேர்ல்ட் கப் ஃபைனலுக்கு தோஹால நெறைய பேர் டிக்கெட் தேடி அலையிறீங்க, அதான் இப்பவே எழுதிடறேன்.

நேத்து லுசைல் ஸ்டேடியத்துல அர்ஜென்டினா குரோஷியா செமி ஃபைனல். குரூப் மேட்ச்சுக்கு 40 ரியாலுக்கு கெடச்ச கேட்டகிரி 4 டிக்கெட் (இருக்கறதுலயே விலை கம்மியானது, கத்தார்ல இருக்கறவங்களுக்கு மட்டும்) எல்லாம் நாக்அவுட்ல கண்ணுலயே படல. ஃப்ளைட் டிக்கெட் போடுற ஒரு டிராவல்ஸ்ல மேட்ச் டிக்கெட்டும் இருக்குனு ரூம்ல சொன்னாங்கன்னு போனேன். அந்தாளு டீ வாங்கிக் குடுத்துட்டு, அவன் போன்ல ஃபீஃபாவோட டிக்கெட் ஆப்ப தொறந்து பிளாக், ரோ, சீட் நம்பர் எல்லாம் காட்டுனான், ஸ்கிரீன்ஷாட் இல்லங்க, ஆப்பேதான், விரலால தள்ளித் தள்ளிக் காட்டுறான். "அண்ணே, மேட்ச் அன்னிக்கு காலைல உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிடறேன், நம்மாளுங்கள போய் ஏமாத்துவேனா"ன்னான். 2,800 ரியால், மொத்தமும் கேஷ். ரசீது கேட்டா சிரிக்கிறான்.

காலைல வரல. கேட்டா ஆப் ஹேங் ஆகுதாம். சாயங்காலம் "நீங்க மெட்ரோ ஏறுங்க, போய்ச் சேர்றதுக்குள்ள வந்துடும்"னான், ஹயா கார்டோட (மேட்ச் பாக்க வர்றவங்களுக்குக் குடுத்த அடையாள அட்டை) மெட்ரோ ரெட் லைன்ல லுசைல் போய் எறங்குனா வாட்ஸ்ஆப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் வருது. ஆப்ல இருந்தாதான் செல்லும்னு கேட்ல திருப்பி அனுப்பிட்டாங்க. பக்கத்துல ஒரு பையன் அதே ஸ்கிரீன்ஷாட்ட வச்சு கெஞ்சிட்டு இருக்கான், அதே பிளாக், அதே ரோ, அதே சீட்! எத்தன பேருக்கு வித்தானோ. மெஸ்ஸி பெனால்டி போட்டப்ப உள்ள எழுந்த சத்தத்த ரெண்டு பேரும் ரோட்ல நின்னு கேட்டோம்.

அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். இன்னிக்கு அந்த டிராவல்ஸ் ஆபீஸ்ல போய்க் கேட்டா, அங்க இருந்தவன் "அவர் எங்க ஸ்டாஃபே இல்ல, கமிஷனுக்கு வருவாரு, அவ்ளோதான்"ன்றான். போலீஸ்னதும் "வெளிய டிக்கெட் வாங்குனா நீங்களும்தான் மாட்டுவீங்க"ன்றான். அனுமதியில்லாம விக்கிறவனுக்கு 2,50,000 ரியால் வரைக்கும் அபராதம்னு இங்க சட்டம் போட்ருக்காங்க, அதையே தூக்கி என்னை மிரட்டுறான் பாருங்க. ராத்திரி பகலா ஓவர்டைம் பாத்த காசு, 2,800 ரியால்.

ஃபீஃபாவோட ரீசேல் பக்கத்த விட்டு வெளிய வாங்காதீங்க. உங்க ஆப்ல டிக்கெட் வந்து உக்கார்ற வரைக்கும் ஒரு ரியால் குடுக்காதீங்க. கேஷ் வேணவே வேணாம். இப்ப ரூம்மேட் போன்ல பாக்குறேன், ஃபைனல் டிக்கெட் ரெண்டு இருக்குனு அதே ஆளு ஸ்டேட்டஸ் போட்ருக்கான்.