டூ பை டூ, நாலு பீரியட், ரெண்டு ஸ்டேஜ்: பிஇ ஸ்டடிக்கு எந்த டிசைன், எத்தனை பேர்?

ஜெனரிக் மாத்திரைக்கு பிஇ ஸ்டடி, அதாவது ஒரிஜினல் மருந்து மாதிரியே இதுவும் ரத்தத்துல சேருதான்னு பாக்கிற பயோஈக்விவலன்ஸ் ஸ்டடின்னு பேச்சு எடுத்தாலே எத்தனை வாலன்டியர்னுதான் முதல்ல கேப்பாங்க. ஆனா அந்த நம்பர் வரணும்னா முதல்ல டிசைன் முடிவாகணும், அதுக்கும் முன்னாடி கையில இருக்கிற சிவியையும் (ஒரே ஆளுக்குள்ள ரத்தத்துல மருந்து அளவு தடவைக்கு தடவை எவ்வளவு மாறுதுங்கிற சதவீதம்) ஜிஎம்ஆரையும் (ஜெனரிக்கோட சராசரி அளவை ஒரிஜினலோட சராசரியால வகுத்தா வர விகிதம்) எந்த அளவுக்கு நம்பலாம்னு பாக்கணும், நான் பாத்த வரைக்கும் ஸ்டடி சறுக்குறது இங்கதான்.

சாதாரண டூ பை டூ கிராஸ்ஓவரையே எடுத்துக்கோங்க, அதாவது ஒவ்வொருத்தரும் ரெண்டு பீரியட்ல ரெண்டு மருந்தையும் மாத்தி எடுக்கிறது. அந்த விகிதத்தோட 90% கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் (நிஜ மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 80-125%க்குள்ள விழணும், ஜிஎம்ஆர் 0.95, பவர் (நினைச்ச மாதிரியே இருந்தா ஸ்டடி பாஸ் ஆகுற வாய்ப்பு) 80%னு வெச்சா சிவி 20%க்கு 20 பேர், 30%க்கு 40, 50%க்கு 98. இதுல எல்லாரும் சிவியவே பாத்துட்டு இருப்பாங்க, ஜிஎம்ஆர கண்டுக்கவே மாட்டாங்க. அதே 30% சிவிக்கு ஜிஎம்ஆர் 1.00னா 32 பேர் போதும், 0.90னா 80 பேர்! நீங்க 0.95னு நம்பி 40 பேர போட்டு, நிஜத்துல ஃபார்முலேஷன் 0.90ல நின்னுச்சுன்னா பவர் 54% கிட்ட வந்துடும், கிட்டத்தட்ட காச சுண்டி விடுற மாதிரிதான். நாங்க ஒரு தடவை சின்ன பைலட்ல (முன்னோட்ட ஸ்டடில) வந்த 22% சிவிய அப்படியே எடுத்து 24 பேர போட்டோம், மெயின் ஸ்டடில 30% வந்துச்சு, அந்த சிவிக்கு 24 பேருக்கு பவர் வெறும் 56% தான், ஃபெயில் ஆச்சு. அதுல இருந்து பைலட் சிவியோட மேல் எல்லையையும் போட்டு பாக்காம நான் நம்பர் குடுக்கிறதே இல்ல.

நாலு பீரியட் ரெப்ளிகேட்ல, அதாவது ஒவ்வொருத்தரும் ரெண்டு மருந்தையும் ரெண்டு தடவை எடுக்கிற டிசைன்ல, அதே 30%க்கு 20 பேர் போதும், மொத்த டோஸ் ரெண்டுலயும் 80 தான். இதோட நிஜமான பலம் தெரியுறது சிவி 30% தாண்டும்போது. ஐரோப்பாவோட மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஈஎம்ஏ, சிமேக்ஸுக்கு (ரத்தத்துல மருந்தோட உச்ச அளவு) மட்டும் எல்லைய விரிச்சுக்க விடுறாங்க, சிவி 50%ல அதிகபட்சம் 69.84-143.19 வரைக்கும், ஆனா ஜிஎம்ஆர் 80-125க்குள்ளயேதான் இருக்கணும், ஏயுசிக்கு (ரத்தத்துல சேர்ந்த மொத்த அளவு) இந்த சலுகை கிடையாது. அமெரிக்காவோட எஃப்டிஏ ரெண்டுக்குமே ஸ்கேலிங் (சிவிக்கு ஏத்த மாதிரி எல்லைய விரிக்கிறது) ஒத்துக்கிறாங்க, ஆனா குறைஞ்சது 24 பேர் வேணும். 50% சிவி, 0.90 ஜிஎம்ஆர்னு டூ பை டூல போனா சுமார் 200 பேர் ஆகும், அத்தனை ஆரோக்கியமான ஆளுங்கள ஊசி குத்தி உக்கார வைக்கிறது எனக்கு நியாயமாவே படல. அதுக்காக ரெப்ளிகேட் சும்மா வந்துடுமா, ஒரு பீரியட்ல 20 சாம்பிள், சாம்பிளுக்கு 5 மில்லின்னா நாலு பீரியடுக்கு ஒருத்தர்கிட்ட இருந்து 400 மில்லி ரத்தம் போகுது, வாஷ்அவுட்டும் (உடம்புல இருந்து மருந்து போற வரைக்கும் காத்திருக்கிறது) மூணு தடவை, கடைசி பீரியடுக்கு ஆள் வராம போறதும் ஜாஸ்தி.

ரெண்டு ஸ்டேஜ் டிசைன், அதாவது முதல்ல கொஞ்ச பேர வெச்சு பாத்துட்டு தேவைன்னா இன்னும் ஆள் சேக்கிறது, சிவி சுத்தமா தெரியாதப்போதான். 2008ல போட்வின் குழு வெளியிட்ட மெத்தட் பிய எடுத்தா, ரெண்டு ஸ்டேஜ்லயும் ஆல்ஃபா (சமமில்லாத மருந்தை தப்பா பாஸ் பண்ற வாய்ப்புக்கு வெக்கிற எல்லை) 0.0294, அதாவது 94.12% இன்டர்வல். முதல் ஸ்டேஜ்ல பாஸ் ஆகல, பவரும் 80%க்கு கீழன்னா அங்க வந்த சிவிய வெச்சு ரெண்டாவது ஸ்டேஜுக்கு ஆள் எடுக்கலாம். ஆனா அந்த கணக்குலயும் ஜிஎம்ஆர் 0.95னு ஃபிக்ஸ் பண்ணிதான் போடுறாங்க, அதனால உங்க ஃபார்முலேஷன் தள்ளி நிக்குதுன்னா இது காப்பாத்தாது.

என்னைக் கேட்டா, நம்பகமான 25%க்குள்ள சிவின்னா டூ பை டூ, 30% கிட்ட ஊசலாடினாலோ மேல போனாலோ கண்ண மூடிட்டு நாலு பீரியட். எஃப்டிஏவுக்கு ஏயுசிலயும் சிவி அதிகம்னா இன்னும் யோசிக்கவே வேணாம்.

அப்புறம் ட்ராப்அவுட் (பாதில விலகுறவங்க) 15%னு நினைச்சா 40ஐ 1.15ஆல பெருக்காதீங்க, 46 தான் வரும், அதுல 15% போனா 39. 0.85ஆல வகுத்து 48 பேர எடுங்க.