பிரேக் வைத்த டிராக்டர் டிப்பர்: தார்ச்சாலையில் ஓட்டிய பிறகு ஒரு மதிப்பீடு

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கிய இரண்டு சக்கர டிப்பர் டிரெய்லரை, மஞ்சள் அறுவடையிலிருந்து கரும்பு வெட்டு வரை ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன். கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில் டிரெய்லர் வாங்குவோர் தகட்டின் கனத்தையும் ஜாக்கியின் தூக்குதிறனையும் விசாரிப்பார்கள். பிரேக்கையும் பின்விளக்கையும் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்த வண்டி தோட்டத்துக்குள் இருக்கும் நேரத்தைவிட, ஈரோட்டு மஞ்சள் சந்தைக்கும் சர்க்கரை ஆலைக்கும் போகும் சாலைகளில் இருக்கும் நேரமே அதிகம். ஆகவே சாலையில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே மதிப்பிடுகிறேன்.

இதில் முதலில் பாராட்ட வேண்டியது பிரேக். நம் டிராக்டர்களின் எடை ஏறத்தாழ 2 டன். பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. பச்சைக் கரும்பு ஏற்றிய டிரெய்லர் டிராக்டரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எடை கொண்டதாக இருக்கையில், பிரேக் மிதித்தவுடன் பின்னாலிருக்கும் சுமை டிராக்டரை முன்னால் தள்ளும். சற்றே வளைவாக இருந்தால் டிராக்டரைப் பக்கவாட்டில் திருப்பியும் விடும். இந்த டிப்பரில் அப்படித் தள்ளும் விசையே பிரேக்கை இயக்குகிறது. சுமை முன்னால் வரும்போது, டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் இழுவைக் கம்பி உள்வாங்கி, டிரெய்லரின் இரண்டு சக்கரங்களிலும் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் பாலங்களைத் தாண்டி இறங்கும் சரிவுகளில் முழுச் சுமையோடும் வண்டி நேராக நிற்பதைக் கண்டபோதுதான் இதன் அருமை தெரிந்தது. இது நன்றாக வேலை செய்ய வேண்டுமானால், டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகளைக் கொக்கியால் இணைத்த பிறகே சாலையேற வேண்டும். உழவு முடித்து அப்படியே கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

எனினும் நீண்ட மலை இறக்கத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற இறக்கத்தில், சுமை இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் இடைவிடாமல் உரசிச் சூடேறும்.

உண்மையான குறை பின்னால் எடுக்கும்போது தெரிகிறது. பின்னால் தள்ளினாலும் இழுவைக் கம்பி உள்வாங்கும். உடனே பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு பின்னை (pin) செருக வேண்டும். அந்தப் பின்னைப் பட்டறைக்காரர்கள் கம்பிக்கு அடியில், ஓட்டுநரின் கண்ணுக்கே படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். களத்தில் பின்னால் எடுத்துச் சுமையேற்றிவிட்டு, பின்னைக் கழற்றாமல் சாலைக்கு வந்தால் டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை. பிரேக் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு ஓட்டுவதால் அபாயம் இன்னும் அதிகம்.

ஆக்சில் வைத்திருக்கும் இடம் சரியாக அமைந்திருக்கிறது. சுமையில் ஒரு பங்கு டிராக்டரின் இழுவைக் கொக்கியின் மேல் இறங்குவதால் அதன் பின்சக்கரங்களுக்கு நல்ல பிடி கிடைக்கிறது. மேட்டில் ஏறும்போது முன்சக்கரங்களும் தரையை விட்டு எழுவதில்லை. தேங்காயை முன்பக்கமே குவித்து ஏற்றினால் மட்டும் ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது.

பின்விளக்குகள் பெட்டியின் இரு ஓரங்களிலும் உயரமாக, ரப்பர் தாங்கிகளின் மேல் பொருத்தப்பட்டுள்ளன. வயர்கள் குழாய்க்குள் செல்வதால் கரும்புத் தோகையில் சிக்குவதில்லை. பின்னால் சிவப்பும் பக்கங்களில் மஞ்சளுமாக ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். இதை வெறும் அலங்காரமாகக் கருதக் கூடாது. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிராக்டரை, 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 100 மீட்டர் தொலைவில் கண்டால், மோதாமல் தப்புவதற்கு அந்தக் காருக்கு 6 விநாடிதான் இருக்கிறது. ஒரு விளக்கு மட்டும் எரிந்தால், பின்னால் வருகிறவர் அதை மோட்டார் சைக்கிள் என்றே எண்ணிக்கொண்டு வருவார். அவ்வளவு கவனமாகச் செய்தவர்கள், வெளியே நீண்டு தொங்கும் கரும்பு விளக்குகளையும் பட்டையையும் முழுவதுமாக மறைத்துவிடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. கரும்பு ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய குறை.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். அதற்கான விற்பனைச் சான்றிதழைக் கேட்காமலே தந்தார்கள். உரிமத்தைப் பற்றிப் பலருக்குச் சந்தேகம் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சுமையற்ற எடை 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டருக்கு இலகுரக மோட்டார் வாகன உரிமமே போதும்; சுமையோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனங்களுக்கும் அதே உரிமம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது. விவசாயத்துக்கென்று காப்பீடு எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டுவதும், சுமையின் மேல் ஆட்களை உட்கார வைப்பதும் வேறு கதை. விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவது பெரும்பாடாகிவிடும்.

பிரேக் இல்லாத டிப்பரைவிட விலை கூடுதல்தான் என்றாலும், சாலையில் சுமை ஓட்டுகிறவர்கள் இதையே வாங்கலாம். ஆனால் பிரேக்கைத் தடுக்கும் அந்தப் பின், ஓட்டுநரின் இருக்கையிலிருந்து தெரியும்படி மேலே வர வேண்டும், அதற்குச் சிவப்பு வண்ணம் பூச வேண்டும், கரும்புக்காகக் கழற்றி மாட்டும் விளக்குச் சட்டம் ஒன்றும் சேர்த்துத் தர வேண்டும் என்பவற்றை முன்பணம் கொடுக்கும்போதே பட்டறைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.